எம்.ஜி.பி.க்கு ஜாக் வாங்கும் முன்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும் போட்டோக்களும் வந்து சேர்ந்தன. மாமனார் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டி கடைசியில் உன் தலையில் விடிந்தது என்று புலம்பியிருக்கிறாய். 1967 மாடல் எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், இங்கிலாந்தின் பழைய திறந்த ஸ்போர்ட்ஸ் கார்; ஸ்போக் வீல், அதிலும் சக்கரத்தின் நடுவே காது வைத்த ஒற்றை நட்டு. இப்படி ஒன்று என் தலையில் விடிந்தால் நான் ஊருக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுப்பேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. பேத்தி லாஸ்பேட்டை பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்திருக்கிறாள். நான் வேலை பார்த்த ஏ.எஃப்.டி. மில் மூடியதோடு நம் வீட்டில் கிரீஸ் வாசனை போய்விடும் என்று உன் தங்கச்சி நிம்மதியாக இருந்தாள். இப்போது பேத்தி ரூபத்தில் அது திரும்பி வந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று டன் ஜாக்கும், இருநூற்றுச் சொச்சம் சாமான் அடங்கிய டூல் பாக்ஸும் ஆர்டர் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். போடாதே. முதலில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குப்புறப் படு.

ஜாக் வாங்குகிறவர்கள் எல்லாரும் டன்னைத்தான் பார்க்கிறார்கள். உன் வண்டி முழுசாகவே ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முனையைத் தூக்கினால் ஜாக்கின் தலையில் ஏறுவது அதில் பாதி. இரண்டு டன் ஜாக் தாராளம். நீ பார்க்க வேண்டியது, ஜாக் முழுக்க இறங்கியிருக்கும்போது அதன் தலை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை. எம்.ஜி.பி.யின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே சுமார் ஐந்து அங்குலம்தான். அதுவும் காற்று சரியாக இருந்தால். லாரிக்காரர்கள் வைத்திருக்கும் பாட்டில் ஜாக் உட்கார்ந்த நிலையிலேயே ஏழெட்டு அங்குலம் வரும். உள்ளே போகவே போகாது. நீ அளக்கும்போது ஒரு முன் டயரில் காற்றை இறக்கிவிட்டு அள. பங்க்சர் ஆன அன்று வண்டி எப்படி உட்கார்ந்திருக்குமோ அந்த அளவுதான் உனக்குக் கணக்கு.

ஆக, வீட்டுக்கு வேண்டியது தாழ்ந்த தலை உள்ள, சக்கரத்தில் உருளும் டிராலி ஜாக். மூன்றரை, நான்கு அங்குலத்துக்குள் இறங்குவதாகப் பார்த்து வாங்கு. இரும்பில் செய்தது முப்பது கிலோவுக்கு மேல் வரும். அலுமினியத்தில் செய்தது ஏறக்குறைய அதில் பாதி. விலை கூடத்தான். ஆனாலும் உன் இடுப்பு வலி புராணத்தை நான் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பவன், அலுமினியமே வாங்கு.

போட்டோவில் உன் போர்ட்டிகோ தரையைப் பார்த்தேன். பேவர் பிளாக். பார்க்க அழகு, ஜாக்குக்கு எமன். டிராலி ஜாக்கின் கை நேராக மேலே ஏறாது, வளைந்து ஏறும். ஏற ஏற ஜாக் தானாக வண்டிப் பக்கம் ஓரிரண்டு அங்குலம் உருள வேண்டும். சின்னச் சக்கரம் பிளாக் இடுக்கில் மாட்டிக்கொண்டால் ஜாக் நகராது; அதன் தலை வண்டியை விட்டு நழுவும். இங்கே எங்கள் பக்கம் பாதி வீட்டு வாசல் மணல்தான், அதில் ஜாக் நகர்வதற்குப் பதில் புதையும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம், கனமான இரும்புத் தகடு ஒன்றை வெல்டிங் பட்டறையில் வெட்டி வாங்கிக் கீழே போட்டுக்கொள். நல்ல தடிமனான பிளைவுட்டும் போதும்.

அப்புறம் எங்கே முட்டுக் கொடுப்பது? முன்பக்கம், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே சஸ்பென்ஷனைத் தாங்கும் தடித்த குறுக்குச் சட்டம் இருக்கிறது. அதன் நடுவில் கொடு. இன்ஜினின் எண்ணெய்ச் சட்டியில் முட்டாதே, அது வெறும் தகடு. பின்பக்கம், ஆக்ஸில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் என்ற கியர் உருண்டையின் அடியில் கொடு, ஜாக்குக்கும் அதற்கும் இடையே ஒரு ரப்பர் கட்டை வைத்து. ஆக்ஸில் மேலேயே பிரேக் குழாய் ஓடுகிறது, ஜாக்கின் தலை அதை நசுக்காமல் பார்த்துக்கொள்.

வண்டியோடு வந்த பழைய ஜாக் டிக்கியில் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கதவுக்குக் கீழே, பக்கவாட்டில் ஒரு துளையில் செருகித் திருகினால் அந்தப் பக்கத்து இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலே எழும். அந்தக் காலத்தில் அருமையான ஏற்பாடு. ஆனால் எம்.ஜி.பி.க்குத் தனி சேஸிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டிச் சட்டம்தான் வண்டிக்கு முதுகெலும்பு, துருவும் முதலில் அங்கேதான் உள்ளேயிருந்து தின்னும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஜாக்கைத் திருகினால் வண்டி ஏறுவதற்குப் பதில் ஜாக் தரைத்தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே ஏறும். ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் அந்தச் சட்டம் நெடுக மெல்லத் தட்டிக்கொண்டே போ. ‘டங்’ என்று வந்தால் சரி. ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் அந்த இடத்தில் துரு ஓட்டையைப் புட்டிப் பசை போட்டு மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சுஃப்ரென் வீதியில் ஒரு வீட்டு எம்.ஜி.பி.யை நான்தான் அவ்வப்போது பார்த்துக்கொள்கிறேன். அதில் இரண்டு கதவுக்கும் கீழே செத்த சத்தம்தான். கடலுக்கு அத்தனை பக்கம் இருந்தால் வேறென்ன வரும்? உன் வண்டி இத்தனை வருஷம் கோயம்புத்தூரிலேயே கிடந்தது, அதிர்ஷ்டம் இருக்கலாம்.

ஜாக் என்பது தூக்குவதற்கு மட்டும், மாப்ளே. தாங்குவதற்கு இல்லை. உள்ளே இருக்கும் எண்ணெய் சீல் எப்போது கசியும் என்று அதற்கே தெரியாது. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்க ஒரு ஜோடி ஸ்டாண்டும் ஜாக்கோடு சேர்த்தே வாங்கு, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே. நம் ஊரில் செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி வைத்துவிட்டுக் கீழே படுத்துக் கிடக்கிறார்களே, பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஹாலோ பிளாக் விரிசல் விட்டு, முனகி, சொல்லிவிட்டு உடையாது. ஒரே நொடியில் தூளாகும். ஸ்டாண்ட் மேல் வண்டியை இறக்கியதும் பக்கத்தில் நின்று ஓங்கி ஒரு தள்ளு தள்ளிப் பார். ஆடினால் நீ உள்ளே போகாதே.

இன்னொன்று. ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்துக்கு மட்டும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் வண்டியைப் பிடித்து நிறுத்த ஒன்றுமே இல்லை. கியரில் போட்டிருக்கிறேனே என்பாய். ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் இருந்தால் டிஃபரன்ஷியல் அதைச் சும்மா சுற்ற விட்டுவிடும், கியர் பிடிக்காது. முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்துவிட்டுத்தான் ஜாக்கில் கை வைக்க வேண்டும்.

இப்போது அந்த டூல் பாக்ஸ். அதில் முக்கால்வாசி மில்லிமீட்டர் சாமானாக இருக்கும், உனக்கு உதவாது. உன் வண்டியில் இருப்பது யூனிஃபைடு மரை. அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் 1948-இல் கூடிப் பேசி ஒத்துக்கொண்ட மரை அளவு. ஸ்பேனர் எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீட்டர், 13 ஸ்பேனரைப் போட்டால் உட்காருகிற மாதிரி உட்காரும். துருப்பிடித்த நட்டில் இழுத்துப் பார், மூலை மழுங்கி உருண்டையாகிவிடும். 9/16 நட்டுக்கு 14 நுழையாது, 15 லொடலொடவென்று ஆடும். அதிசயமாக 5/8-க்கு 16-உம், 3/4-க்கு 19-உம் பொருந்திவிடும். இந்த இரண்டை நம்பித்தான் பல மெக்கானிக்குகள் மற்றதையும் கெடுக்கிறார்கள்.

7/16, 1/2, 9/16 இந்த மூன்றும் இரண்டிரண்டு வாங்கு, ஒன்று ரிங், ஒன்று ஓப்பன். வேலையில் பெரும்பங்கு இவற்றிலேயே முடியும். சாக்கெட் வாங்கினால் ஆறு மூலை உள்ளதாக வாங்கு. பன்னிரண்டு மூலை சாக்கெட் பழைய நட்டின் தலையைத் தின்றுவிடும். இதற்கெல்லாம் இணையத்தில் தேட வேண்டாம், உன் ஊரில் பழைய அம்பாசடர் மெக்கானிக் யாராவது மிச்சம் இருப்பார், அவரைப் பிடி. அம்பாசடரில் பல வருஷம் ஓடிய 1489 சி.சி. இன்ஜினும் உன் வண்டியின் 1798 சி.சி. இன்ஜினும் ஒரே குடும்பம், பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி சீரிஸ். வால்வு இடைவெளி 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, என்றால் அவர் உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேஜை எடுத்துக்கொண்டு வருவார்.

மில்லில் நான் கட்டி அழுத, பழைய இங்கிலீஷ் அளவான விட்வொர்த் ஸ்பேனர்கள் உனக்குத் தேவைப்படாது. அதில் ‘அரை’ என்று பொறித்திருந்தால் அது போல்ட்டின் தடிமன், ஸ்பேனரின் வாய் அதைவிட ரொம்பப் பெரிசு. புதிதாக வந்த பையன்கள் எல்லாரும் அதில் ஒருமுறையாவது திண்டாடுவார்கள். ஆனால் ஒரு வேடிக்கை கேள். உன் வண்டிக்கு மூத்தது எம்.ஜி. டி.டி., 1950-லிருந்து 53 வரை வந்தது. அதன் இன்ஜினில் போல்ட்டின் தலை விட்வொர்த், மரை மட்டும் மெட்ரிக்! கலப்படம் எப்படி வந்தது என்றால், முதல் உலகப் போரின்போது ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதக் கம்பெனி இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் தொழிற்சாலை வைத்தது. எம்.ஜி.க்கு இன்ஜின் செய்து தந்த கார் முதலாளி மோரிஸ் 1923-இல் அதை வாங்கினார். மெஷின்கள் எல்லாம் மில்லிமீட்டரில் மரை வெட்டுபவை. அவற்றைத் தூக்கிப் போட மனசில்லை. உள்ளூர் மெக்கானிக்கின் ஸ்பேனர் பொருந்த வேண்டும் என்பதற்காகத் தலையை மட்டும் இங்கிலீஷ் அளவில் வைத்தார்கள். புதுச்சேரிக்காரனுக்கு இதெல்லாம் புதுசா? உள்ளே பிரெஞ்சு, மேலே வேறொன்று, எங்கள் தெருவிலேயே எத்தனை வீடு காட்டட்டும்?

சின்னச் சாமான்கள்: இடுக்கை அளக்கும் ஃபீலர் கேஜ், கிரீஸ் கன், எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச். முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் அந்தரத்தில் இருக்கட்டும், அப்போதுதான் கிரீஸ் எல்லா இடத்துக்கும் போகும். டார்க் ரெஞ்ச் வாங்கும்போது அடி-பவுண்டும் குறித்திருக்கிறதா என்று பார். சிலிண்டர் ஹெட் நட்டுக்கு 45 முதல் 50 வரை. அடி-பவுண்டில் 50 என்பது நியூட்டன் மீட்டரில் ஏறக்குறைய 68. இரண்டையும் குழப்பினால் ஸ்டட் பிய்த்துக்கொண்டு வரும்.

கடைசியாகக் காது நட்டு. அதற்கு ஸ்பேனரே கிடையாது, சுத்தியல்தான். சாதாரண இரும்புச் சுத்தியலைத் தொடவே கூடாது, குரோம் சிதைந்துவிடும். ஒரு முனை செம்பும் மறு முனை பதப்படுத்தாத தோலும் வைத்த சுத்தியல் உண்டு, இங்கிலாந்தில் தோர் என்ற கம்பெனி செய்வது. ஈயச் சுத்தியலும் ஆகும். வண்டியின் இடது பக்கத்தில் சாதாரண மரை, வலது பக்கத்தில் எதிர் மரை. தெரியாதவன் வலது பக்கத்து நட்டைக் கழற்றுகிறேன் பேர்வழி என்று அடித்து அடித்து இறுக்கிவைப்பான். பேத்திக்கு இதைக் காட்டினேன். “எந்தப் பக்கம் எது என்று எப்படித் தாத்தா ஞாபகம் வைப்பது?” என்றாள். மேல் காதைப் பிடித்துக்கொள், வண்டியின் மூக்குப் பக்கம் தள்ளினால் கழலும், வால் பக்கம் தள்ளினால் இறுகும், இரண்டு பக்கத்துக்கும் அதே விதி என்றேன். நட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்படியானால் ஓட ஓட இறுகுமா?” என்று கேட்டாள். அதேதான். சக்கரம் ஓடும் ஓட்டத்திலேயே நட்டு தன்னை இறுக்கிக்கொள்ளும்படிதான் மரை வெட்டியிருக்கிறார்கள். அதற்காக அடிக்காமல் விட்டுவிடாதே. கடைசி அடியைச் சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்போதே கொடுத்துவிடு, அப்போதுதான் சக்கரம் சாய்வில் நடுவாக உட்காரும். சக்கரத்துக்கு உள்ளே அச்சைக் கவ்வும் பல்லுக்கு கிரீஸ் தடவ மறக்காதே. பல் தேய்ந்தால் பிரேக் அடிக்கும்போது ‘கிளக்’ என்று ஒரு சத்தம் வரும், வந்தால் உடனே எனக்கு எழுது.

வாங்கிய சாமானை எங்கே வைப்பாய் என்பதையும் யோசி. 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் வந்தபோது ரெயின்போ நகரில் என் சிநேகிதர் ஒருவர் வீட்டில் டூல் பாக்ஸ் தண்ணீரில் கிடந்தது. வடிந்ததும் எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்ட ஸ்பேனர்கள் எல்லாம் பிழைத்தன. ராட்செட்டும் டார்க் ரெஞ்ச்சும் போனது போனதுதான். உனக்கு வெள்ளம் இல்லை. ஆனாலும் எண்ணெய்த் துணியில் சுற்றி, பெட்டியில் ஒரு கட்டி கற்பூரம் போட்டு வை. எங்கள் மில் லேத்காரர்கள் எல்லாரும் செய்து வந்தது. உன் சம்சாரம் டூல் பாக்ஸைத் திறந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம்.

சுத்தியலுக்கு நீ அலைய வேண்டாம். தட்டாஞ்சாவடி பக்கம் எனக்குத் தெரிந்த வார்ப்புப் பட்டறையில் ஈயத்தில் ஒன்று ஊற்றித் தரச் சொல்லியிருக்கிறேன், பொங்கலுக்கு அப்புறம் அங்கே வரும்போது கொண்டு வருகிறேன். பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு வருவதை நினைத்து இப்போதே உன் தங்கச்சி தலையில் அடித்துக்கொள்கிறாள். அதற்குள் நீ செய்ய வேண்டியது, காற்று இறங்கிய டயரோடு எடுத்த அளவையும், கதவுக்குக் கீழே தட்டிப் பார்த்ததில் எங்கெங்கே செத்த சத்தம் என்பதையும் சாக்பீஸால் குறித்து போட்டோ எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு எந்த ஜாக் என்று சொல்கிறேன். அதுவரை கடைக்காரன் தள்ளுபடி என்றால் காதைப் பொத்திக்கொள்.

உன் சம்சாரத்துக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்