பெயின்ட் அடித்தால் புது வீடா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீடு-மனை பகுதியில், ‘புயலில் அடிபட்ட வீடு பாதி விலைக்குக் கிடைக்கும், பெயின்ட் அடித்தால் புது வீடு’ என்று ஒரு வரி வந்திருந்தது. எழுதியவர் அப்படிப்பட்ட வீட்டில் ஒரு மழைக்காலமாவது குடியிருந்திருக்கிறாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். நான் நாலு மழைக்காலம் இருந்துவிட்டேன்.

நான் வாங்கும்போதும் பெயின்ட் அடித்துத்தான் வைத்திருந்தார்கள். வாடைகூடப் போகாத புது பெயின்ட். ஒப்பந்தத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்று இருந்ததை நான் பார்க்காமல் இல்லை. என்ன குறை இருந்தாலும் அது வாங்குகிறவன் பொறுப்பு என்று அதற்கு அர்த்தமாம். உள்ளபடி இல்லாமல் வீடு வேறெப்படி இருக்கும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்ட புத்திசாலி நான். முதல் மழைக்கே சமையலறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு கிளம்பியது. வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, கை வைத்தால் காரை மாவாக உதிர்ந்தது. ஒரே வாரத்தில் கூடத்திலும் படுக்கையறையிலும் அதே உயரத்தில் அதே கோடு. அப்போதுதான் உறைத்தது, தண்ணீர் அதுவரைக்கும் நின்றிருக்கிறது.

எலக்ட்ரீஷியன் சுவிட்ச் போர்டைக் கழற்றினார். உள்ளே காய்ந்த சேறு. செம்பு வயர் நுனியெல்லாம் பச்சை பிடித்திருந்தது. “இதுலயா சார் இவ்வளவு நாள் ஃபேன் ஓடுச்சு?” என்றார். மரக்கதவு, அலமாரி முதுகெல்லாம் பூஞ்சை. ஈரம் 24 முதல் 48 மணி நேரம் தங்கினாலே பூஞ்சை பிடிக்குமாம். இங்கே எத்தனை நாள் தங்கியதோ. இரண்டாம் வருஷம் கூரையிலிருந்து ஒரு கான்கிரீட் சில்லு கட்டிலில் விழுந்தது, நல்ல வேளையாகப் பகலில். உப்புத் தண்ணீர் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்டுக் கான்கிரீட்டைப் பிளக்கும் என்று பொறியாளர் பொறுமையாக விளக்கினார். வாங்குவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டிருந்தால் அதே பொறுமையோடு அன்றைக்கே சொல்லியிருப்பார். அந்தச் செலவை மிச்சம் பிடித்தவனும் நான்தான். காப்பீட்டுக்காரர்களோ, பழைய சேதம் எங்கள் கணக்கில் வராது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

தெரிந்தே மறைத்த குறையை ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம் மூடிவிடாது என்றார் வக்கீல். சந்தோஷப்பட்டேன். ஆனால் விற்றவருக்கு அது தெரியும் என்பதை நான்தான் நிரூபிக்க வேண்டுமாம். கோடு எதிரிலேயே இருக்கிறது, சாட்சிதான் இல்லை.

இதையெல்லாம் இரண்டு வருஷத்துக்கு முன்பே உங்களுக்கு எழுதினேன். ‘சொந்த வீடு’ சிறப்பிதழுக்கு மூன்று பக்கக் கடிதம். நீங்கள் போட்டது அதன் முதல் வரியை மட்டும்: ‘சிறப்பிதழ் அருமை.’ மரியாதைக்கு எழுதிய வரி ஐயா அது! “நீங்களே அருமைன்னு எழுதியிருக்கீங்களே” என்று என் மைத்துனர் அந்தப் பக்கத்தை மடித்துக்கொண்டு வந்து காட்டுகிறார். சந்தா புதுப்பிக்கச் சொல்லி வரும் உங்கள் கடிதம் மட்டும் ஒரு வரிகூடக் குறையாமல் வருகிறது.

அடிபட்ட வீட்டை யாருமே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பழுது பார்க்கும் செலவைக் கணக்குப் போட்டு விலையில் கழித்து, கண் திறந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கெட்டிக்காரர்கள். பெயின்டை நம்பி வாங்குகிறவர்களுக்கு வழிகாட்டுகிறதே உங்கள் கட்டுரை, அதுதான் வயிற்றெரிச்சல். அந்தக் கட்டுரைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் வீடு விற்பனை விளம்பரம் வேறு. விலை கொட்டை எழுத்தில், ‘உள்ளது உள்ளபடி’ எறும்பு எழுத்தில்.

நான் கேட்பது ஒன்றுதான். இனி அப்படி விளம்பரம் வந்தால், விலையைப் போடும் அதே அளவு எழுத்தில் அந்த வாசகத்தையும் போடுங்கள். இந்தக் கடிதத்தையும் சுருக்கித்தான் தீர வேண்டுமென்றால், ‘வணக்கம்’ என்பதை எடுத்துவிட்டு, பொறியாளர் சொன்னதை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய சந்தாதாரர்