லிப்ரெஆபிஸை மீண்டும் தமிழுக்குக் கொண்டுவருதல்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

லிப்ரெஆபிஸ் (LibreOffice) என்னும் அலுவலக மென்பொருளைப் புதுப்பித்தபின் பட்டிகள் (மெனுக்கள்) தமிழில் வராமல் வேறு மொழியில் தோன்றுவதாக நம்மில் சிலர் தெரிவித்துள்ளனர். இதனால் ஆவணங்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்பதால், மென்பொருளை அவசரப்பட்டு நீக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விண்டோஸிலும் லினக்ஸிலும் ஆல்ட், எஃப்12 விசைகளைச் சேர்த்து அழுத்தினாலே விருப்பங்கள் சாளரம் திறந்துவிடும் என்பதால், புரியாத மொழியில் பட்டிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதன் இடப்பக்கத்தில் மூன்றாவதாக உள்ள மொழித் தலைப்பை விரித்து, இடைமுக மொழிக்கான பெட்டியில் தமிழைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தபின், மென்பொருளை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும்.

பட்டியலில் தமிழே இல்லையென்றால், மென்பொருளைத் தமிழில் காட்டும் கூடுதல் கோப்புத் தொகுப்பான மொழிப் பொதி நிறுவப்படவில்லை என்று பொருள். விண்டோஸில் நிறுவியை மீண்டும் இயக்கி, வழக்கமான நிறுவலுக்குப் பதிலாகத் தனிப்பயன் நிறுவலைத் தேர்ந்தெடுத்து, இடைமுக மொழிகளில் தமிழைச் சேர்க்கலாம். மேக் கணினியில் மொழிப் பொதி செயலிக்குள்ளேயே நிறுவப்படுவதால், புதிய பதிப்பு பழையதை நீக்கி அமரும்போது அதுவும் போய்விடுகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் அதே பதிப்பு எண்ணுக்குரிய பொதியைத் தனியாகப் பதிவிறக்கி நிறுவியே ஆக வேண்டும்.

தமிழுக்கு மாற்றிய பின்னும் சில சொற்றொடர்கள் ஆங்கிலத்தில் இருக்கலாம். அவை இன்னும் மொழிபெயர்க்கப்படாதவை. மொழிபெயர்ப்பில் தன்னார்வலர்கள் யாரும் பங்கேற்கலாம் என்பதால், நம் குழுவினர் முன்வர வேண்டும் என்பது என் விருப்பம்.

இன்னும் சரியாகாதவர்கள் பதிப்பு எண்ணையும் இயங்குதளத்தின் பெயரையும் திரைப்பிடிப்புடன் இங்கே பதிவிடுங்கள்.