நீதிமொழிகள் மாப்பிள்ளைக்கும்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தேன். வாழ்த்திப் பேச வந்த பெரியவர் வேதாகமத்தைத் திறந்து, "சண்டைக்காரியோடே ஒரு பெரிய வீட்டில் குடியிருப்பதைப்பார்க்கிலும், வீட்டின்மேல் ஒரு மூலையில் தங்கியிருப்பதே நலம்" என்று நீதிமொழிகள் 21:9-ஐ வாசித்தார். மாப்பிள்ளையின் நண்பர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பெண் தலையைக் குனிந்து வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அந்த வசனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 25:24-ல் அது மறுபடியும் வருகிறது. 27:15 சண்டைக்காரியை அடைமழை நாளின் ஓயாத ஒழுக்கோடு ஒப்பிடுகிறது. தோட்டத்து லயத்தில் தகரக் கூரையின் கீழே வளர்ந்தவள் நான். ராத்திரியெல்லாம் வாளியை நகர்த்தி வைத்தவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். ஆனால் அதே புத்தகத்தின் 26:21-ஐ ஒரு கல்யாணத்திலாவது யாரும் வாசித்து நான் கேட்டதில்லை: "கரிகள் தழலுக்கும், விறகு நெருப்புக்கும் ஏதுவானதுபோல, வாதுப்பிரியன் சண்டைகளை மூட்டுகிறதற்கு ஏதுவாயிருக்கிறான்." வாதுப்பிரியன் என்றால் சண்டை போட ஆசைப்படுகிறவன். இது ஆம்பளைக்குச் சொன்னது. கொலோசெயர் 3:19-ல் பவுலும் புருஷர்களைப் பார்த்துத்தான் மனைவிமேல் கசந்துகொள்ளாதிருங்கள் என்கிறார். மனைவிக்குரிய கனத்தைக் கொடுக்காதவனின் ஜெபத்துக்கே தடை வரும் என்பது 1 பேதுரு 3:7. பாதியை மட்டும் வாசித்துப் பெண்ணைக் குனிய வைப்பது நியாயமா?

நான் ஓய்வுபெற்ற தாதி. சபையின் மாதர் சங்கத்தோடு பக்கத்து ஊரான பிறையில் உள்ள பிளாட்டுகளுக்கு வீடு சந்திக்கப் போகிறேன். அங்கே சண்டை எப்படித் தொடங்குகிறது தெரியுமா? இரவு ஷிப்ட் முடிந்து அவள் பாக்டரி பஸ்ஸில் வந்து இறங்குகிறாள். சிங்க்கில் நேற்றைய தட்டுகள் கிடக்கின்றன. "ஒரு தட்டைக் கழுவ ஆள் இல்லையா?" அவனும் லாரி ஓட்டிவிட்டு அப்போதுதான் படுத்திருப்பான். "வந்ததும் ஆரம்பிச்சிட்டியா?" பேச்சு தட்டிலிருந்து மோட்டார் கடனுக்குப் போகும், அங்கிருந்து மாமியாருக்கு, அப்புறம் சீரில் குறைந்துபோன சங்கிலிக்கு. பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளை சப்பாத்தோடு வாசலில் நிற்கும். "சண்டையின் ஆரம்பம் மதகைத் திறந்துவிடுகிறதுபோலிருக்கும், ஆதலால் விவாதம் எழும்புமுன் அதை விட்டுவிடு" என்று நீதிமொழிகள் 17:14 சொல்வது இந்த இடத்தைத்தான். இரண்டு பேரும் தூங்கி எழுந்து, சாப்பிட்ட பிறகு கடனைப் பேசுங்கள் என்றுதான் நான் அவர்களிடம் சொல்வேன்.

சிலர் எபேசியர் 4:26-ஐக் காட்டி, சூரியன் அஸ்தமிக்குமுன் எல்லாவற்றையும் பேசித் தீர்க்கவேண்டும் என்று நடுராத்திரிவரை இழுப்பார்கள். எரிச்சல் தணியவேண்டும் என்றுதான் அங்கே இருக்கிறது. கணக்கை அன்றைக்கே முடிக்கச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கை நீட்டினால் அது சண்டை இல்லை. அடிபட்டு வந்த பெண்ணிடம் "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்" என்று நீதிமொழிகள் 15:1-ஐச் சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது பாவம். நம் மலேசியாவில் 1994-லேயே குடும்ப வன்முறைச் சட்டம் வந்துவிட்டது. தாலியான் காசிஹ் என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். போலீசில் புகார் கொடுக்கலாம். இதைப் போதகர்களே ஆராதனையில் அறிவிக்க வேண்டும்.

போதகர்களிடம் இன்னொரு வேண்டுகோளும் உண்டு. திருமண ஆயத்த வகுப்பில் நீதிமொழிகள் 26:21-ஐ மாப்பிள்ளை வாய்விட்டு வாசிக்கட்டும், 21:9-ஐப் பெண் வாசிக்கட்டும். அப்புறம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, ஷிப்ட் நாளில் சமையல் யார், மாமியாரோடு இருக்கப் போகிறார்களா தனிக்குடித்தனமா என்று எழுதச் சொல்லுங்கள். தேதி குறிப்பதற்கு முன்னால் இரண்டு வீட்டாரும் அதைப் படித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
பட்டர்வொர்த், பினாங்கு