பட்டறைத் தொழில் செய்வோர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பின் செயற்குழு ஆறு முறை கூடியது. கண் பரிசோதனை முகாமும் முதலுதவிப் பயிற்சியும் நல்லபடியாக நடந்தன. மறைந்த உறுப்பினர் இருவருக்கு அஞ்சலி செலுத்தினோம். புதிதாக நால்வர் சேர்ந்துள்ளனர்.

இனி, பட்டறைகளில் புகை உறிஞ்சிகளைச் சோதித்த பணி. இதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்று சிலர் கேட்டார்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வெல்டிங் புகை புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வகைப்படுத்தியது. மரத்தூளும், கல், மணலிலிருந்து எழும் சிலிக்கா தூசியும் 1990-களிலேயே அந்தப் பட்டியலில் ஏறிவிட்டன. நம்மில் பெரும்பாலோர் இந்த மூன்றில் ஒன்றைத்தான் நாள் முழுக்கச் சுவாசிக்கிறோம்.

“எக்ஸாஸ்ட்தான் ஓடுதே, அப்புறம் எதுக்குச் சோதனை?” என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். முதலில் போன பட்டறையில் ஃபேன் சத்தம் பலமாகவே இருந்தது. ஆனால் காற்று போகும் திசையைக் காட்டப் புகை விடும் சிறு குழலை உறிஞ்சும் வாயருகே பிடித்தபோது புகை அங்குமிங்கும் அலைந்து வெல்டரின் முகத்துக்கே வந்தது. மோட்டார் ரிப்பேருக்குப் போய் வந்தபோது த்ரீ ஃபேஸில் இரண்டு வயர் மாறியிருக்கிறது. ஃபேன் தலைகீழாகச் சுற்றத் தொடங்கிவிட்டது. காற்றை நடுவில் இழுத்து ஓரத்தில் தள்ளும் இந்த சென்ட்ரிஃபியூகல் ஃபேன் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் போகும். அளவு மட்டும் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் பல மாதமாக யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வயரை மாற்றிக் கொடுத்ததும் புகை நூல் பிடித்தாற்போல் உள்ளே போனது. அங்கே வேலை செய்யும் பையன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

இன்னொரு பட்டறையில் மெஷினில் குறை இல்லை. உறிஞ்சும் வாயை ஒரு கை நீளம் தள்ளி வைத்திருந்தார்கள். விளக்கை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியாது. வாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளினாலே உறிஞ்சும் வேகம் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். மரப்பட்டறைகளில் டக்ட்டுக்குள், அதாவது காற்று போகும் குழாய்க்குள், தூள் படிந்து கிடந்தது. கனமான தூள் படியாமல் போக வினாடிக்கு 20 மீட்டர் அளவு வேகம் வேண்டும். ஓடாத மெஷின்களுக்குப் போகும் குழாய்களை மூடும் தடுப்புகளையும் திறந்தே வைத்திருந்தால் அந்த வேகம் எங்கிருந்து வரும்?

என் பட்டறையிலும் குறை இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு டார்ச் ஒளிக்கற்றைக்கு எதிரே நின்று பார்த்தபோதுதான், வடிகட்டிப் பையின் கிழிசல் வழியாக நுண்தூசி அறைக்கே திரும்பி வருவது தெரிந்தது. சாதாரண வெளிச்சத்தில் அந்தத் தூசி கண்ணுக்கே தெரிவதில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

சோதித்த இடங்களில் வேகத்தையும் டக்ட்டில் உள்ள அழுத்தத்தையும் அளந்து எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த முறை அளவு மாறியிருந்தால் அடைப்போ ஓட்டையோ இருப்பது உடனே தெரியும். பிரிட்டனில் பொதுவாக 14 மாதத்துக்குள் ஒருமுறை முழுச் சோதனை செய்து, அறிக்கையை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நாம் கேட்டது ஒரு அரைநாள்தான்.

அதையும் கொடுக்காதவர்கள் பாதிக்கு மேல். நாள் குறித்துக் கொடுத்துவிட்டு ஷட்டரைப் பூட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. “எழுத்தில் எதுவும் வேண்டாம், ஆட்கள் கேள்வி கேட்பார்கள்” என்றார் ஒருவர். கேட்கத்தானே வேண்டும்? மூச்சு விடுவது அவர்கள்தானே. சோதனைக்கு நாள் கொடுக்காதவர்கள் பட்டியலையும் சந்தா நிலுவைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் அதே பெயர்கள். இன்று இந்த அரங்கில் காலியாக இருக்கும் நாற்காலிகளும் அவர்களுடையவைதான்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாக வரவுக்குள் செலவு அடங்கியது. காற்றுவேக மீட்டர் வாங்க மட்டும் வைப்புத்தொகையிலிருந்து எடுக்க நேர்ந்தது. நிலுவை வந்து சேர்ந்தால் அது ஈடாகிவிடும்.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், அரங்கம் தந்தவர்கள் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி. விடுமுறை நாளையும் பாராமல் ஏணி பிடித்த இரண்டு இளைஞர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

வரும் ஆண்டில் சோதித்த இடங்களை மறுபடி அளக்க வேண்டும், விடுபட்டவற்றை முடிக்க வேண்டும். என் முழங்காலுக்கு இனி ஏணி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏறக்கூடியவர்கள் இரண்டு பேர் முன்வந்தால் மீட்டரைப் பிடிக்க நான் கற்றுத் தருகிறேன். நாள் பதிவு செய்யும் நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்