கிட்டார் வாய் மூடிய ஆண்டு

அன்புள்ள பாலு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததைப் படித்து நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல். இங்கே எல்லோரும் நலம். என் இடது தோள்பட்டைதான் சதி செய்கிறது. கிட்டாரை மடியில் வைத்தால் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்குவதில்லை. மூத்தவள் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறப்பதற்காகக் காத்திருக்கிறாள். அவள்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம் என்றும் சொல்லலாம்.

நம் ஸ்வீடன் மெட்டல் குழு இன் ஃப்ளேம்ஸைப் பற்றி இரண்டு பக்கம் திட்டி எழுதியிருக்கிறாய். 'ரீரூட் டு ரிமெய்ன்' ஆல்பம் வந்த 2002-லேயே அந்தக் குழு செத்துவிட்டது, உறுமிக்கொண்டிருந்தவர் பாடத் தொடங்கினார், அத்தோடு கதை முடிந்தது என்கிறாய். இருபது வருடமாக நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குற்றம் நடந்தது உண்மை என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் தவறான ஆளைப் பிடித்து அடைத்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

போன வாரம் ஒரு மாலை அவர்களின் 'தி ஜெஸ்டர் ரேஸ்' போட்டேன். 1996 ஆல்பம், நீ எனக்குப் பதிந்து கொடுத்த அதே சீடி, அட்டையில் உன் கோழிக் கிறுக்கல். மூத்தவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதல் பாட்டின் தொடக்கத்தில் மின்சாரமில்லாத கிட்டார் தனியாக வருமே, அப்போது கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். குரல் நுழைந்ததும் முகத்தைச் சுளித்தாள். இரண்டு பாட்டு போனது. பிறகு கேட்டாள்: "அப்பா, கிட்டார் இவ்வளவு அழகாகப் பாடும்போது இந்த ஆள் ஏன் பக்கத்தில் நின்று சண்டை போடுகிறார்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் இரவு பாத்திரம் கழுவும்போது அவள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். காது கொடுத்துக் கேட்டால் அந்தக் கிட்டார் மெட்டு. மறுநாள் 2006-இல் வந்த 'கம் கிளாரிட்டி' ஆல்பத்தைப் போட்டேன். அதையும் முணுமுணுத்தாள், ஆனால் இந்த முறை பாடகரின் வரிகளை. கிட்டார் என்ன செய்தது என்று கேட்டேன். "பின்னால் டண் டண் என்று இடித்துக்கொண்டிருந்தது" என்றாள்.

பாலு, இருபது வருடம் நாம் இருவரும் வாதாடிக் கண்டுபிடிக்காததை அந்தப் பெண் இரண்டு நாளில் சொல்லிவிட்டாள். பழைய இன் ஃப்ளேம்ஸில் பாடியது கிட்டார்தான். குழுவைத் தொடங்கிய கிட்டார்காரர் யெஸ்பர் ஸ்ட்ரோம்ப்ளாடின் மூளை அப்படி. இரட்டை நாதஸ்வரம் கேட்பது போல என்று நீ சொல்வாயே, அதில் ஒரு திருத்தம். நாதஸ்வரக்காரர்கள் இருவரும் ஒரே ஸ்வரத்தில் போவார்கள். இங்கே ஒருவர் ஒரு ஸ்வரத்தில் நின்றால் மற்றவர் இரண்டு படி மேலே நின்று கூடவே நடப்பார். இங்கிலாந்தின் அயர்ன் மெய்டன் குழுவிடமிருந்து வந்த பழக்கம் அது. அதோடு ஸ்வீடன் நாட்டுப்புற மெட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். 1994-இல் வந்த முதல் ஆல்பமான 'லூனார் ஸ்ட்ரெய்ன்'இல் ஒரு நாட்டுப்புறப் பாட்டையே எடுத்து வாசித்திருக்கிறார்கள். இத்தனை மெட்டும் கிட்டாரில் இருந்ததால் குரலுக்குப் பாடும் வேலை இல்லை. அதன் வேலை தவிலின் வேலை. இடித்துக்கொண்டு, உரசிக்கொண்டு, நாதஸ்வரத்தை இன்னும் இனிமையாகக் காட்டுவது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 'எளிமையாக்கிவிட்டார்கள்' என்ற குற்றச்சாட்டு 2002-இல் புதிதாகப் பிறந்ததா என்ன? அதே ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் குழுக்கள் 1990 வாக்கில் சன்லைட் ஸ்டூடியோவில் பதிந்தவற்றை நினைத்துப் பார். என்டூம்ட் குழுவின் முதல் ஆல்பத்தில் கிட்டாரே மரம் அறுக்கும் இயந்திரம் போல ரீங்கரிக்கும். அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இன் ஃப்ளேம்ஸ் போன்ற கோதன்பர்க் நகரத்துப் பையன்கள் டெத் மெட்டல் என்ற அந்த உறுமல் இசைக்குள் மெட்டைக் கொண்டுவந்ததே பெரிய சமரசமாகத்தான் பட்டிருக்கும். நாம் கோவில் என்று கும்பிட்டதை வேறொருவர் கடைத்தெரு என்று ஒதுக்கியிருப்பார்.

சரி, 2002-இல் நடந்தது என்ன? முந்தைய ஆல்பங்களெல்லாம் கோதன்பர்க்கில், ஸ்டூடியோ ஃப்ரெட்மேனில், தயாரிப்பாளர் ஃப்ரெட்ரிக் நூர்ட்ஸ்ட்ரோம் கையில் உருவானவை. அந்த முறை தயாரிப்பாளரை மாற்றி டேனியல் பெர்க்ஸ்ட்ராண்டிடம் போனார்கள். கீபோர்டு முன்னால் வந்தது. பாடகர் ஆண்டர்ஸ் ஃப்ரீடென் பல்லவியில் வாயைத் திறந்து பாடினார். பாட்டு வாய்க்கு வந்ததும் கிட்டாருக்கு வேலை போய்விட்டது. ஒரே மெட்டை இரண்டு பேர் சுமக்க முடியாது, ஒருவர் வழிவிட வேண்டும். இங்கே கிட்டார் விட்டுக்கொடுத்து, குட்டை குட்டையான இடிகளோடு பல்லவிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. நீ வெறுப்பது ஃப்ரீடெனின் குரலை என்று நினைக்கிறாய். உண்மையில் நீ தேடுவது காணாமல் போன கிட்டாரை.

நம்பாவிட்டால் 'கிளேமேன்' போட்டுக் கேள். 2000-இல் வந்தது, நீயே உச்சம் என்று சத்தியம் செய்வாய். அதிலேயே ஃப்ரீடென் அங்கங்கே உறுமலை விட்டுப் பாடிப் பார்க்கிறார். மூன்றாவது பாட்டில் குதிப்பதற்கென்றே செய்த ஒரு ரிஃப், திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, இருக்கிறது, கல்யாண மண்டபத்தில் போட்டால்கூடக் குழந்தைகள் ஆடும். அதைவிட எளிதாகக் காதில் நுழைவது அவர்களிடம் எது இருக்கிறது? ஆனாலும் உனக்கு உறுத்தவில்லை. ஏனென்றால் அங்கே மெட்டு இன்னும் கிட்டாரிடம்தான் இருக்கிறது. என் விடுதி அறையில் கட்டிலின் மேல் ஏறிக் குதித்துச் சட்டத்தை உடைத்தாயே, அந்தப் பாட்டுதான். வார்டனுக்கு அபராதம் கட்டியது நான் என்பதையும் இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

உறுமலை விட்டதுதான் குற்றம் என்பதற்கு எதிர்ச்சாட்சியும் உண்டு. 2009-இல் ஐஐடி மெட்ராஸ் சாரங் விழாவில் இன்னொரு ஸ்வீடன் குழுவான ஓபெத் வாசித்ததற்குச் சேர்ந்து போனோம் அல்லவா, அந்தக் குழு 2011-இல் 'ஹெரிடேஜ்' வெளியிட்டபோது உறுமலை அடியோடு விட்டுவிட்டது. நீ ஒரு மாதம் துக்கம் அனுசரித்தாய். ஆனால் அவர்களின் கிட்டார் வேலையிழக்கவில்லை. எழுபதுகளின் இசைப் பக்கம் போய் வேறு வேலை தேடிக்கொண்டது. 2024-இல் உறுமல் திரும்பி வந்தபோது அதற்கு உட்கார ஓர் இடம் காத்திருந்தது. ஆகவே உறுமலை விட்டதால் மட்டும் எந்தக் குழுவும் சாகாது.

பணத்துக்காக மாறினார்கள் என்ற உன் வாதத்தை நான் மறுக்கப் போவதில்லை, பெரிதாக்கவும் போவதில்லை. இன் ஃப்ளேம்ஸ்காரர்கள் 2005-இல் அமெரிக்காவில் ஓஸ்ஃபெஸ்ட் என்ற பெரிய மெட்டல் விழா மேடை வரைக்கும் போனார்கள். அந்தக் கூட்டம் கோரஸாகப் பாட ஏதாவது கேட்டிருக்கும். முப்பது வயதில் வீட்டு வாடகை கட்ட ஆசைப்படுவது பாவமா? நீ மென்பொருள் வேலைக்குப் போனபோது உன்னை யாராவது துரோகி என்றார்களா? ஆனால் 2016-இல் லாஸ் ஏஞ்சலஸ் போய்த் தயாரிப்பாளர் ஹவர்ட் பென்சனிடம் பதிந்துகொண்டு வந்த 'பேட்டில்ஸ்' ஆல்பத்துக்கு என்னிடம் வக்கீல் இல்லை. அதை நீ தாராளமாகத் திட்டலாம், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

கடைசியாக ஒரு வேடிக்கை. ஆரம்ப நாட்களில் ஃப்ரீடென் பாடியது இன்னொரு கோதன்பர்க் குழுவான டார்க் ட்ராங்க்விலிட்டியின் முதல் ஆல்பத்தில். அங்கே கிட்டார் வாசித்த மிக்கேல் ஸ்டானே, இன் ஃப்ளேம்ஸின் முதல் ஆல்பத்தில் வந்து பாடிக் கொடுத்தார். பிறகு இடம் மாறிக்கொண்டார்கள். ஸ்ட்ரோம்ப்ளாட் குடிப்பழக்கத்தோடு போராட வேண்டியிருந்ததால் 2010-இல் தான் தொடங்கிய குழுவிலிருந்தே விலகினார். அவர், அந்த ஸ்டானே, இன் ஃப்ளேம்ஸை விட்டு வந்த இன்னும் மூன்று பேர் என ஐந்து பேரும் கூடி 'தி ஹேலோ எஃபெக்ட்' என்ற குழுவை அமைத்து 2022-இல் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். கேட்டாயா? கிட்டார் மறுபடி பாடுகிறது. அடுத்த ஆண்டே இன் ஃப்ளேம்ஸும் 'ஃபோர்கான்' கொண்டுவந்தது. அதிலும் பழைய வாசனை இருக்கிறது. எதிர்வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் நம் வீட்டிலும் அடுப்பு பற்றுமே, அதுபோல என்று வைத்துக்கொள்வோம். இது என் ஊகம்தான், மேடையில் ஏறிச் சொல்ல மாட்டேன்.

மூத்தவள் இப்போது அந்த 1996 மெட்டைக் கற்றுக்கொடு என்கிறாள். மேல் வரியை அவளுக்குக் கொடுத்துவிட்டேன், கீழ் வரி என்னுடையது. இருபது நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், தோள் விடாது. அவள் இன்னும் மூன்றாவது திருப்பத்தில் தடுமாறுகிறாள், நான் அதற்கு முன்பே தடுமாறிவிடுவதால் அவள் தப்பு வெளியே தெரிவதில்லை.

தீபாவளி விடுப்பில் வருவாய் அல்லவா? வரும்போது என்னுடைய இன் ஃப்ளேம்ஸ் 'கொலொனி' சீடியைக் கொண்டு வா. 2003-இல் 'ஒரு வாரத்துக்கு' என்று வாங்கிப் போனது. தொலைந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதே, உன் வீட்டு அலமாரியில் இரண்டாவது தட்டில் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முரளி