பாட்டிமார் ஏற்றும் விளக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் இன்றும் சுமார் 60 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. மின்கம்பி வந்து சேரும்வரை அவர்கள் மண்ணெண்ணெய்ப் புகையிலேயே இருக்க வேண்டுமா?

கென்யாவில் 2012-ல் விற்பனையைத் தொடங்கிய எம்-கோபா நிறுவனம் ஒரு வழி காட்டியது. கூரையில் சிறிய சூரியத் தகடு, சில எல்இடி பல்புகள், செல்போன் சார்ஜ் செய்ய வசதி. முன்பணம் கொஞ்சம்; அப்புறம் தினமும் ஒரு சிறு தொகையை எம்-பெசா என்ற செல்போன் பணப் பரிமாற்றச் சேவை வழியாகக் கட்டலாம்; தொடக்க ஆண்டுகளில் அது சுமார் 50 கென்ய ஷில்லிங்காக இருந்தது. மண்ணெண்ணெய்க்குப் போகும் காசே தவணையாகிவிடும். ஆனால் பணம் கட்டாவிட்டால் விளக்கு தானாகவே பூட்டிக்கொள்ளும். மழை பொய்த்த ஆண்டில் விவசாயக் குடும்பம் என்ன செய்யும்? அறுவடைக்குப் பின் கட்டும்படி தவணையை மாற்றித் தர வேண்டும்.

என் மனதைத் தொட்டது இன்னொரு முயற்சி. ராஜஸ்தானின் திலோனியாவில் பங்கர் ராய் 1972-ல் தொடங்கிய பேர்ஃபுட் கல்லூரி, ஆப்பிரிக்கக் கிராமங்களிலிருந்து எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாரை வரவழைத்து, சூரிய விளக்கு அமைக்க ஆறு மாதம் பயிற்சி தந்துவந்திருக்கிறது. பொது மொழி கிடையாது. நிறங்களையும் சைகைகளையும் வைத்தே சர்க்யூட் கற்றுக்கொண்டார்கள். ஊர் திரும்பியதும் விளக்குகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவர்களே. இளைஞர்கள் பயிற்சி முடிந்ததும் நகரத்துக்குப் போய்விடுவார்கள், பாட்டி ஊரிலேயே இருப்பார் என்ற கணக்கு எவ்வளவு சரி!

இந்தப் பயிற்சிக்கு இந்திய அரசும் உதவியிருக்கிறது. இன்னும் பல பெண்கள் வர அரசு கூடுதல் இடம் ஒதுக்கட்டும். அவர்கள் ஊரில் பேட்டரியும் உதிரிப் பாகமும் தடையில்லாமல் கிடைக்கவும் வழி செய்யட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, விருதுநகர்