விமானிகளின் நினைவை விமானத்தின் அருகிலேயே பதிவு செய்யுங்கள்

சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையத்தாருக்கும், ஆகாயப்படை அரும்பொருளகத்தாருக்கும் வணக்கம்.

1970-இல் 22 வயதில் ஹண்டர் போர் விமானத்தில் ஏறிய ஓர் இளைஞருக்கு இன்று 75-க்கு மேல் ஆகிறது. 1969-இல் வந்த செஸ்னா 172, ஸ்ட்ரைக்மாஸ்டர் பயிற்சி விமானங்களில் பழகியவர்களுக்கும் அதே வயதுதான். இவர்களிடம் "முதன்முதலில் பறந்தபோது எப்படி இருந்தது?" என்று கேட்டால் பெருமையாக இருந்தது என்பார்கள். அது உண்மைதான். ஆனால் கையேட்டில் எழுதாமல் அவர்கள் கையில் மட்டுமே தங்கியிருக்கும் அறிவை அந்தக் கேள்வி தொடுவதே இல்லை.

ஹண்டரில் ஹைட்ராலிக் அழுத்தம் போய்விட்டால் ஏலரானையும் (விமானத்தைப் பக்கவாட்டில் உருளச் செய்யும் இறக்கைத் தகடு) எலிவேட்டரையும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) விமானி தன் கை பலத்தாலேயே அசைக்க வேண்டும். இதைக் கையேடே சொல்லிவிடும். ஸ்டிக் எனும் கட்டுப்பாட்டுக் கோல் எவ்வளவு கனக்கும், ஒரு கை போதுமா, ஓடுபாதைக்கு நேராக வர வழக்கத்தைவிட எவ்வளவு முன்னதாகத் திரும்பத் தொடங்குவார்கள், கைப் பளுவைக் குறைக்கும் டிரிம்மை எப்போது தொடுவார்கள் என்பதையெல்லாம் செய்து பார்த்தவரிடம்தான் கேட்க வேண்டும். விமானத்தின் வயிற்றுப் பகுதியில் இருக்கும், வேகத்தைக் குறைக்கும் தகடான ஏர்பிரேக்கைச் சக்கரம் இறங்கிய பிறகு பயன்படுத்த முடியாது. அப்படியானால் வேகத்தை எந்த இடத்திலிருந்து குறைத்துக்கொண்டு வந்தார்கள்? இத்தகைய கேள்விக்கு முதிய விமானியின் இடது கை தானாகவே என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலைத் தேடும். அதனால் ஒலிப்பதிவு மட்டும் போதாது. கைகள் தெரியும்படி ஒரு கேமராவும் வேண்டும்.

ஏ-4 ஸ்கைஹாக் போர் விமானத்தின் இறக்கை முன்விளிம்பில் உள்ள ஸ்லாட்டுகளுக்கு (நகரும் தகடுகள்) மோட்டார் கிடையாது. வேகம் குறைந்து இறக்கையின் கோணம் கூடும்போது காற்றோட்டத்தால் தாமாகவே வெளியே வரும். ஒரு பக்கத்து ஸ்லாட் சிக்கி மறுபக்கம் மட்டும் வெளிவந்தால் விமானம் சட்டென்று ஒரு பக்கம் உருளும். ஆகவே பறக்கும் முன் அவற்றைக் கையால் தள்ளி, தடையின்றி ஓடுகின்றனவா என்று பார்ப்பார்கள். இங்கே விமானியின் நினைவு பாதிதான். ஸ்லாட்டுகள் ஓடும் தண்டவாளங்களைத் துடைத்துச் சரிபார்த்த டெக்னீஷியன்தான் மறுபாதி. அவர்களில் தமிழர்களும் உண்டு. தமிழில் பேசுவது அவர்களுக்கு எளிதென்றால் பேட்டி தமிழிலேயே நடக்கட்டும்.

நேரம் அதிகம் பிடிப்பது முன்தயாரிப்புதான். முதலில் விமானியின் பறப்புப் பதிவேடான லாக்புக்கைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துத் திருப்பிக் கொடுங்கள். தேதி, விமான வகை, வால் எண், பறந்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். நினைவு விமான வகைகளைக் கலந்துவிடும். ஸ்கைஹாக்கின் ஏ-4எஸ் வகையில் ஜே65 என்ஜின். பின்னால் வந்த ஏ-4எஸ்யு-வில் ஆஃப்டர்பர்னர் (கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் பகுதி) இல்லாத எஃப்404 என்ஜின். மேலெழும் ஓட்டமும் ஏறும் வேகமும் இரண்டிலும் வேறு. பேச்சில் கடைசி "யு" விழுங்கப்படும், எழுத்தாக்குபவர் பழைய வகை என்று குறித்துவிடுவார், என்ஜினைப் பற்றிச் சொன்னதெல்லாம் பிசகிப்போகும். அந்த வகையில் வேலை பார்த்த ஒருவர் எழுத்தாக்கத்தைச் சரிபார்க்காமல் வெளியிடாதீர்கள். பயிற்சி ஸ்கைஹாக்கில் முன்னும் பின்னும் தனித்தனிக் கண்ணாடிக் கூண்டுகள் என்பதால், மாணவர் கண்டதும் பயிற்றுநர் கண்டதும் வேறு. இருவரையும் தனித்தனியே பதிவு செய்யுங்கள், பிறகு வேண்டுமானால் சேர்த்து உட்கார வையுங்கள்.

காக்பிட்டிலேயே உட்கார வைத்துக் கேட்பதுதான் சிறந்தது. அதற்கு முன், ஆபத்தில் விமானியை வெளியே தூக்கியெறியும் வெளியேற்ற இருக்கையின் வெடிமருந்துத் தோட்டாக்கள் எடுக்கப்பட்டிருப்பதைத் தகுதியுள்ள டெக்னீஷியன் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். பழைய டயல்களில் ரேடியம் பூச்சு இருக்கக்கூடும் என்பதால், கண்ணாடி உடைந்த கருவியை யாரும் தொடக்கூடாது. கண்ணாடிக் கூண்டு திறந்தே இருக்கட்டும். நம் ஊர் வெயிலில் 20 நிமிடத்துக்கு மேல் ஒரு முதியவரை அதற்குள் வைத்திருப்பது தவறு. ஏணி ஏற முடியாதவருக்குக் கருவிப்பலகையின் படத்தை உண்மையான அளவில் அச்சிட்டு மேசையில் நிறுத்துங்கள். கை நீளும் தூரம் சரியாக இருந்தால் அதுவே பெரும்பாலும் போதும். மைக்கைச் சட்டையில் குத்துங்கள். மேசையில் வைத்தால் படத்தைத் தட்டும் சத்தம்தான் பதிவாகும்.

ரகசியக் காப்புச் சட்டத்தை நினைத்துப் பலர் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. கேள்விப் பட்டியலைத் தற்காப்பு அமைச்சுக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். ஆயுதம், பயிற்சித் திட்டம் பற்றிய கேள்விகளைத் தனிப் பகுதியாகப் பிரித்து, பேட்டி கொடுப்பவர் விரும்பும் காலம்வரை பூட்டி வைக்க எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். விமானத்தைக் கையாண்ட விதம் பற்றிய பகுதி அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

யாரிடம் முதலில் போவது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. எஃப்-5 விமானங்கள் 2015 வரை பறந்தன. அவற்றை ஓட்டியவர்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஸ்ட்ரைக்மாஸ்டர்காரர்களுக்கும், ஹண்டர் பறந்த 140, 141 படைப்பிரிவுகளின் மூத்தவர்களுக்கும் அவர்களுடைய டெக்னீஷியன்களுக்கும் இந்த ஆண்டிலேயே அழைப்பு போக வேண்டும். லாக்புக்கைப் படித்துக் கேள்வி தயாரிக்கவும் எழுத்தாக்கத்தைச் சரிபார்க்கவும் ஊதியமின்றி வர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்பிலும் வாய்மொழிப் பதிவிலும் ஈடுபட்டுள்ள சிங்கப்பூர்த் தமிழர் சிலர்